பூவை அழுத்த எது நல்லது: புத்தகமா, பலகையா, இஸ்திரிப்பெட்டியா?

தை பிறப்பதற்கு முந்தின நாள் கொங்கு நாட்டில் காப்புக் கட்டுவோம். ஆவாரம்பூ, பூளைப்பூ, வேப்பிலை மூன்றையும் கொத்தாகச் சேர்த்து வாசல், எறவாரம், மாட்டுக்கொட்டகை, காட்டு மூலை என்று சொருகி வைப்போம். எப்படியும் நாலு கொத்து மிஞ்சும். பூவை அழுத்திக் காயவைத்து, தாளில் ஒட்டிப் படமாக்கப் பழகுகிறவர்களிடம் அந்த மிச்சத்தை எடுத்து ஆரம்பியுங்கள் என்றுதான் சொல்வேன். ஆவாரையின் மஞ்சள் காய்ந்தாலும் சீக்கிரம் போகாது. வேப்பிலை தட்டையாகப் படியும். பூளைப்பூ செடியில் இருக்கும்போதே பாதி காய்ந்த மாதிரிதான், கெடுக்க நினைத்தாலும் கெடாது.

சரி, எதில் வைத்து அழுத்துவது?

எல்லாருக்கும் தெரிந்த வழி புத்தகம். காசு செலவில்லை. தடிப் புத்தகத்தின் நடுவே வைத்து, மேலே பாரம் ஏற்றி, மூன்று நாலு வாரம் மறந்துவிடலாம். அந்த மறதியில்தான் சிக்கலே இருக்கிறது. பூவிலிருந்து இறங்கும் ஈரம் போக வழியில்லாமல் பக்கத்திலேயே தங்கிவிடும். வழவழப்பான தாள் என்றால் இன்னும் மோசம், அது ஈரத்தை உறிஞ்சவே உறிஞ்சாது. ஐப்பசி, கார்த்திகை மழையில் வைத்தால் பூசணம் பிடிக்கும். இலைக்கும் மெல்லிய காட்டுப்பூவுக்கும் புத்தகம் போதும். சதைப்பிடிப்பான பூவுக்கு வேண்டாம்.

அடுத்தது இஸ்திரிப்பெட்டி. இதைக் குறைத்துப் பேசுகிறவர்கள் உண்டு, நான் பேசமாட்டேன். இதழ் பழுப்பாவதற்கு முக்கியக் காரணம், செல் உடைந்ததும் உள்ளே இருக்கும் நொதிகள் காற்றோடு சேர்ந்து செய்யும் வேலை. சூடு பட்டால் நொதி அடங்கிவிடும், ஈரமும் சட்டென்று போய்விடும். அதனால் நிறம் என்று மட்டும் பார்த்தால் மெதுவாகக் காய்ந்த பூவை இஸ்திரி போட்ட பூ பலமுறை ஜெயித்துவிடும். இரண்டு வெள்ளைத் தாளுக்கு நடுவே பூவை வைத்து, குறைந்த சூட்டில், நீராவி இல்லாமல், சில நொடி ஒற்றி எடுக்க வேண்டும். தேய்க்கக் கூடாது. ஆறவிட்டு மறுபடி ஒற்றலாம். நாளைக்கே ஒரு வாழ்த்து அட்டை வேண்டும் என்றால் இதுதான் வழி. மைக்ரோவேவும் இதே சாதிதான். அரை நிமிடம் கூடிப்போனால் இதழ் கருகிவிடும் என்பதால் எனக்கு அதில் பிடிப்பில்லை.

நான் கடைசிவரை பக்கம் நிற்பது பலகைக்குத்தான். அரை இஞ்சு கனத்தில் இரண்டு பிளைவுட் துண்டு, நாலு மூலையிலும் ஓட்டை, நாலு நீள போல்ட், கையாலேயே திருகும் விங் நட். கோயம்புத்தூர் மாதிரி பட்டறை ஊரில் இதைத் தேடி அலைய வேண்டியதே இல்லை. அடியில் அட்டைப்பெட்டியிலிருந்து வெட்டின நெளி அட்டை, அதன்மேல் செய்தித்தாள், அதன்மேல் வெள்ளைத்தாள், பிறகு பூ; மறுபடி வெள்ளைத்தாள், செய்தித்தாள், அட்டை. நெளி அட்டையின் இடுக்கு வழியாகக் காற்று போய்வருவதுதான் புத்தகத்தில் கிடைக்காத வசதி. முதல் நாலைந்து நாள் தினமும் செய்தித்தாளை மாற்ற வேண்டும். பூவைத் தொட வேண்டாம், வெள்ளைத்தாளோடு அப்படியே தூக்கி வைத்தால் போதும். பூ சுருங்கச் சுருங்க நட்டு தளரும், ஒரு திருகு இறுக்கிவிட வேண்டும். இரண்டு மூன்று வாரத்தில் காய்ந்துவிடும்.

இது புதிதாக வந்த பொழுதுபோக்கு என்று நினைக்கிறவர்கள் உண்டு. அப்படியில்லை. கோவையில் இந்தியத் தாவரவியல் ஆய்வகத்தின் தென்மண்டல மையத்தில் இருக்கும் மெட்ராஸ் ஹெர்பேரியம் என்ற உலர்செடிச் சேகரிப்பின் செடிகளெல்லாம் தாளுக்கு நடுவே அழுத்திக் காய்ந்தவைதான். ஜப்பானில் ஓஷிபானா என்ற பெயரில் இதையே ஓவியத்துக்குச் சமமாக வளர்த்திருக்கிறார்கள்.

பலகையை நான் தூக்கிப்பிடிக்க இன்னொரு காரணம் உண்டு, என் வரையில் அதுதான் பெரிது. பொழுது சாய்ந்தால் பூப்பறிக்கக் கூடாது என்று வீட்டில் சொல்வார்கள். பூ அழுத்துகிறவர்களுக்கும் பனி உலர்ந்தபின் முற்பகலில் பறித்த பூதான் வேண்டும். இந்தக் கட்டுப்பாடே நாளுக்கு ஓர் ஒழுங்கைக் கொடுத்துவிடுகிறது. விளக்கேற்றிவிட்டுத் தாள் மாற்ற உட்காரும்போது பேச்சு நிற்கும், கை தானாக மெதுவாகும். நேற்று சொதசொதவென்று இருந்த தாள் இன்று கொஞ்சம் மொடமொடப்பாக இருக்கும். அதைப் பார்ப்பதைத் தவிர நாம் செய்ய ஒன்றுமில்லை. சாமி கும்பிடும்போது எத்தனையோ நாள் வாய்க்காத அமைதி எனக்கு அங்கே வாய்த்திருக்கிறது. இஸ்திரிப்பெட்டி நிறத்தைக் கொடுக்கும், இதைக் கொடுக்காது.

பூவுக்குப் பூ கதை மாறும். சத்தியமங்கலத்து மல்லி எவ்வளவு கவனித்தாலும் பழுப்பாகிவிடும். வெள்ளை வேண்டும் என்றால் மல்லியை எதிர்பார்க்காதீர்கள். செம்பருத்தியின் பசை தாளில் ஒட்டிக்கொள்ளும், சிவப்பும் இருண்டு போகும். செண்டுமல்லியை முழுசாக வைக்காமல் இதழ் இதழாகப் பிரித்து வையுங்கள். அரளி நன்றாகப் படியும், ஆனால் விஷம். தொட்டபின் கை கழுவாமல் சாப்பாட்டில் கை வைக்கக் கூடாது. குழந்தைகளோடு செய்தால் அரளியே வேண்டாம்.

கோயிலில் கொடுத்த பூவை அழுத்தலாமா என்பதில் வீட்டுக்கு வீடு கருத்து வேறு. கால்படாத இடத்தில் போட வேண்டும், கிணற்றிலோ ஆற்றிலோ விட வேண்டும் என்பார்கள் பெரியவர்கள். கண்ணாடிக்குள் சுவரில் இருக்கும் பூவின் மேல் யார் காலும் படப்போவதில்லை என்பதால் அழுத்தலாம் என்றே நான் நினைக்கிறேன். குலதெய்வம் கோயில் பூ என்றால் வீட்டுப் பெரியவர்களிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். அந்தப் படத்தை விற்பது மட்டும் எனக்குச் சம்மதமில்லை, வேண்டியவர்களுக்குக் கொடுக்கலாம்.

ஒட்டுவதற்கு வெள்ளைப் பசை, அதுவும் குச்சி முனையில் பொட்டு வைக்கிற அளவு போதும், கூடினால் இதழில் ஊறித் தெரியும். சட்டம் போடும்போது கண்ணாடி பூவின் மேல் நன்றாகப் படிந்திருக்க வேண்டும், பின்பக்கம் காற்றும் பூச்சியும் நுழையாதபடி டேப் ஒட்ட வேண்டும். மேற்கு வெயில் விழும் சுவரில் மாட்டாதீர்கள். ஆவாரை மஞ்சள்கூட அங்கே தாங்காது.