பொல்கொடையில் ஒரு பழைய பாணித் திறந்த படகு: 2018 முதல் பாவித்த அனுபவம்

தேக்குத் தளம், வளைந்த முன்கண்ணாடி, தண்ணீரை நோக்கி உட்சாயும் பின்பக்கம். கூரை இல்லை. இப்படி ஒரு மோட்டார் படகை நானும் மச்சானும் பாதிப் பாதி காசு போட்டு 2018இல் வாங்கினோம். புதிது அல்ல, ஒருவர் பாவித்துவிட்டு விற்றது. நீளம் 22 அடி. உடல் ஃபைபர், கண்ணில் படும் இடங்கள் மட்டும் மரம். நடுவில் ஒரு மூடிக்குக் கீழே டீசல் எஞ்சின். மொரட்டுவைப் பக்கம் பொல்கொடை ஏரியோரத்தில் தெரிந்தவர் ஒருவரின் வளவில் கட்டி வைத்திருக்கிறோம். காலி வீதி நெரிசலாகும் முன் கொழும்பு வெள்ளவத்தையில் இருந்து கிளம்பிவிட்டால் காலைச் சாப்பாட்டைத் தண்ணீரில் வைத்துச் சாப்பிடலாம்.

கொழும்பில் கடலை நிரப்பி எழுப்பும் போர்ட் சிட்டி உருவம் எடுக்கத் தொடங்கிய பிறகு, இந்த மாதிரிப் படகு ஒன்று வாங்கலாமா என்று என்னிடம் கேட்பவர்கள் கூடிவிட்டார்கள். எல்லோருக்கும் நான் சொல்வது இதுதான்: வடிவத்தை வாங்குங்கள், மரத்தைக் குறையுங்கள், வேகத்துக்குக் காசு கொடுக்காதீர்கள். ஏன் என்று கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும்.

இந்தப் பாணிக்குத் தாய்வீடுகள் இரண்டு. ஒன்று அமெரிக்காவில் மிச்சிகன் மாநிலத்து அல்கொனாக், கிறிஸ்-கிராஃப்ட் படகுக் கம்பனி பிறந்த ஊர். மற்றது இத்தாலியில் இசேயோ ஏரிக்கரையில் உள்ள சார்னிகோ, ரீவா குடும்பத்தின் படகுப் பட்டறை இருந்த இடம். கார்லோ ரீவா 1962இல் வெளியிட்ட அக்குவராமாதான் இன்றுவரை எல்லோரும் பார்த்துப் பார்த்து வரையும் படகு. மகோகனி உடல், இரண்டு வி-8 எஞ்சின், வளைந்து சுற்றி வரும் கண்ணாடி. 1996 வரை அதைக் கட்டினார்கள். கார் கம்பனி நடத்திய ஃபெருச்சியோ லம்போர்கினி தன் அக்குவராமாவில் தன்னுடைய வி-12 எஞ்சின்கள் இரண்டை ஏற்றி வைத்திருந்தார். அந்தக் கதையைக் கேட்டாலே போதும், இந்தப் படகுகள் எந்த உலகத்துச் சாமான் என்று விளங்கிவிடும். ஏரிக்கரை மாளிகையில் ஏறி அக்கரை உணவகத்தில் இறங்குவதற்கானவை அவை. படுக்கை கிடையாது, சமையல் கிடையாது, கழிப்பறையும் கிடையாது. கடைசியாகச் சொன்னதை வீட்டுப் பெண்களிடமும் வயதானவர்களிடமும் முதலே சொல்லிவிடுங்கள். எங்கள் சுற்றுகளின் நீளத்தைத் தீர்மானிப்பது டீசல் தாங்கி அல்ல, இதுதான்.

சரி, அழகைப் பற்றிப் பேசாமல் இருக்க முடியாது. ஏரியில் ஓடும் மற்ற ஃபைபர் படகுகள் என்ன வேகத்தில் போனாலும் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. இது மெதுவாகப் போகும்போதே கரையில் தூண்டில் போடுபவர்கள் கையசைக்கிறார்கள். பின்பக்கம் உட்சாய்வாக இருப்பதால் தண்ணீரில் குந்தி நிற்கிற மாதிரி ஒரு தோற்றம். உட்காரும் இடமும் தாழ்வு; கையை நீட்டினால் தண்ணீர் படும். என் அப்பா ஊர்காவற்றுறைக்காரர், குறிகட்டுவான் லோஞ்சும் மீன்பிடி வள்ளமும் பார்த்து வளர்ந்தவர். முதல் நாள் ஏறி உட்கார்ந்து கால் நீட்டிவிட்டு, "இது போட் இல்லைத் தம்பி, தண்ணியில போற சாய்மனைக் கதிரை" என்றார். கிண்டலாகத்தான் சொன்னார். ஆனால் இதைவிடச் சரியான விமர்சனம் ஒன்றை நான் எங்கும் வாசிக்கவில்லை.

மரத்தைப் பற்றியும் அவருக்கு ஒரு கருத்து உண்டு. பலகைப் படகு தண்ணீரில் கிடந்தால் பலகை ஊதி இடைவெளி அடைபடும், கரையில் கிடந்தால் காய்ந்து பிளக்கும், ஆகவே தொழிலுக்குப் போகாத மனுசனுக்கு மரப்படகு எதற்கு என்பார். வல்வெட்டித்துறையில் கட்டிய அன்னபூரணி என்ற பாய்க்கப்பல் 1938இல் அமெரிக்காவின் குளொஸ்டர் துறைமுகம் வரை போன கதையையும் தவறாமல் சேர்த்துக்கொள்வார். எங்கள் ஆட்களுக்கு மரம் தெரியும், அதனால்தான் அது வாரத்தில் ஒருநாள் விளையாட்டுச் சாமான் அல்ல என்றும் தெரியும் என்பது அவர் கட்சி.

அவர் சொன்னது எவ்வளவு சரி என்பதை எங்கள் படகில் இருக்கும் கொஞ்ச மரமே காட்டிவிட்டது. கொழும்பு நிலநடுக்கோட்டில் இருந்து ஏழு பாகைக்குள் இருக்கிறது. ஏப்ரல் முதல் வாரத்தில் நண்பகல் சூரியன் நேராக உச்சிக்கு மேல் நிற்கும். புற ஊதாக் கதிர் வார்னிஷுக்கு ஊடாக இறங்கி மரத்தின் மேற்பரப்பையே அரிக்கிறது. பிறகு மேலே உள்ள பூச்சு பிடி விட்டுச் செதிலாக எழும்புகிறது. கூடவே மழை. ஐரோப்பாவில் குளிர்காலம் முழுக்கக் கொட்டகைக்குள் உறங்கும் படகுக்கு வருடம் ஒரு தடவை பூசினால் சமாளிக்கலாம். இங்கே உறங்கும் காலமே கிடையாது. முன்கண்ணாடியின் அடிப்பட்டைக்கு ஒவ்வொரு சில மாதத்திலும் தேய்த்துப் பூச வேண்டியிருக்கிறது. நல்ல காலம், படகு நிற்பது மொரட்டுவையில். நாட்டிலேயே தச்சு வேலைக்குப் பெயர்போன ஊர் அது. எங்களுக்கு வரும் தச்சு பாஸ் கட்டில், அலுமாரி செய்பவர். படகு வார்னிஷை எங்களோடு சேர்ந்துதான் பழகினார். இப்போது தளத்துத் தேக்கில் ஒன்றும் பூசுவதில்லை. சாம்பல் நிறமாகட்டும் என்று விட்டுவிட்டோம். உப்புத் தண்ணீரால் மெதுவாகக் கழுவினால் போதும், ஈரத்திலும் கால் வழுக்காது. மச்சானுக்கு அந்தச் சாம்பல் நிறம் பிடிக்கவில்லை. தேய்க்கும் கடதாசியை அவர் கையில் கொடுத்த பிறகு முறைப்பாடு குறைந்திருக்கிறது.

செயற்கைத் தேக்கு, அதாவது பிவிசி விரிப்பு, போடலாமா என்று கேட்பீர்கள். பராமரிப்பு சுகம்தான். ஆனால் மத்தியான வெயிலில் வெறுங்காலோடு அதில் நடக்க முடியாது. வெளிர் நிறமாக எடுத்தால் கொஞ்சம் தாங்கும். கருநீல உடலும் கரும்பழுப்பு இருக்கைகளும் இங்கே கூடாது. படத்துக்கு வடிவாக இருக்கும், உட்காரும் இடத்துக்கு அல்ல.

நிழல்தான் இந்தப் பாணியின் பெரிய ஓட்டை. மடிக்கிற துணிக்கூரை ஒன்று தைத்துப் போட்டோம். விரித்தால் படகின் உருவம் கெட்டுப்போகிறது, விரிக்காவிட்டால் பதினொரு மணிக்கு மேல் குழந்தைகளை வைத்திருக்க முடியாது. ஆகவே விரிக்கிறோம். கூரை பொருத்த முடியாத சட்டகம் உள்ள படகை, எவ்வளவு அழகாக இருந்தாலும், கொழும்பில் வாங்காதீர்கள்.

இனி வேகம். எங்கள் படகு முழுதாக முடுக்கினால் 14 நொட் ஓடும். ஒருவரும் அதைக் கேட்பதில்லை, இரைச்சலில் பேச முடியாது என்பதால். 6 நொட்டில், அதாவது மணிக்கு 11 கிலோமீற்றர் அளவில், மணித்தியாலத்துக்கு மூன்று நான்கு லீற்றர் டீசலோடு முடிகிறது. முழு வேகத்தில் இருபது லீற்றரைத் தாண்டுகிறது. காரணம் எளிது: இந்த நீளப் படகு 6 நொட்டுக்கு மேல் போக, தானே எழுப்பிய அலையின் மேல் ஏற வேண்டும், அந்த ஏற்றத்துக்குத்தான் எரிபொருள் போகிறது. மெதுவாகப் போவதில் இன்னொரு மரியாதையும் இருக்கிறது. ஏரியில் ஓருவில், அதாவது பக்கத்தில் மிதவைக் கட்டை கட்டிய சிறு வள்ளத்தில், உட்கார்ந்து வலை போடுபவர்கள் இருக்கிறார்கள். நம் அலை அவர்கள் படகுக்குள் தண்ணீர் அடிக்கும். வெறும் உல்லாசத்துக்குப் போகிற நாங்கள்தான் குறைக்க வேண்டும்.

எஞ்சின் உள்ளே இருப்பதால் வெளித்தோற்றம் கெடவில்லை. அதற்கான விலையைப் பொல்கொடையில் செடிகள் அறவிடுகின்றன. சல்வீனியாவும் ஆகாயத்தாமரையும் மிதக்கும் இடத்தில், தண்ணீருக்குள் சுற்றிப் படகைத் தள்ளும் காற்றாடியைத் தூக்கிப் பார்க்க வழியில்லை. நிறுத்தி, குனிந்து, சில நேரம் தண்ணீரில் இறங்கித்தான் எடுக்க வேண்டும். முதலை உள்ள ஏரி என்பதால் இறங்குவதற்கு யாரும் போட்டி போடுவதில்லை. குளிர்த்தண்ணீர் உறிஞ்சும் வடிகட்டியை ஒவ்வொரு முறையும் திறந்து பார்ப்பது பழக்கமாகிவிட்டது. பாணந்துறையில் ஏரி கடலோடு சேர்வதால் தண்ணீரில் உப்பு உண்டு. படகின் உலோகப் பாகங்கள் அரிபடாமல் தாங்கள் கரைவதற்காக அடியில் பூட்டும் அரிப்புத் தடுப்புக் கட்டிகளைத் துத்தநாகத்துக்குப் பதிலாக அலுமினியமாக மாற்றிய பிறகு அவை சீராகக் கரைகின்றன. உவர் நீருக்கு அதுதான் பொருத்தம். பின்னால் எடுக்கும்போது படகின் பின்புறம் ஒரு பக்கம் இழுக்கும், எங்களுடையது இடப்பக்கம். அதைத் தெரிந்துகொண்டால் துறையில் அணைக்க அதுவே உதவி.

பெற்றோல் எஞ்சின் உள்ள ஒன்று கிடைத்தால் ஒரு விஷயத்தில் சோம்பல் வேண்டாம். பெற்றோல் ஆவி காற்றைவிடப் பாரம். அடித்தளத்தில் தேங்கி நிற்கும். ஸ்டார்ட் பண்ணும் முன் நான்கு நிமிடமாவது காற்றோட்ட விசிறியை ஓட விடுங்கள். மூடியைத் திறந்து மணந்தும் பாருங்கள்.

2022ஐச் சொல்லாமல் விட முடியாது. டொலர் 200 ரூபாயில் இருந்து 360ஐத் தாண்டியது, கியூஆர் கோட் காட்டினால்தான், அதுவும் அளவாகத்தான், எரிபொருள் என்று வந்தது. அந்த மாதங்களில் படகு அசையவில்லை. முச்சக்கர வண்டிக்காரர்கள் இரவு முழுக்க வரிசையில் படுத்துக் கிடந்தபோது ஏரியில் டீசல் எரிக்க எங்கள் இருவருக்கும் மனம் வரவில்லை. தண்ணீர்ப் பம்பின் ரப்பர்ச் சக்கரம் ஒன்றுக்கு மாதக்கணக்காகக் காத்திருந்ததும் அப்போதுதான். மீனவர்களின் வெளி எஞ்சினுக்கு எந்தக் கரையோர ஊரிலும் சாமான் கிடைக்கும், திருத்த ஆளும் கிடைப்பார். எங்கள் வகைக்கு அப்படி இல்லை. அதனால் சக்கரம், பட்டி, வடிகட்டி எல்லாவற்றிலும் ஒவ்வொன்று மேலதிகமாக வீட்டில் இருக்கிறது.

உண்மையில் எதற்குப் பாவிக்கிறோம்? பெரும்பாலும் காலைச் சாப்பாட்டுக்கு. மாலு பாண், கட்லட், பிளாஸ்கில் தேநீர், ஏரியின் நடுவில் எஞ்சினை நிறுத்திவிட்டு. சேலையோடு மாமி ஏறி இறங்கக்கூடிய ஒரே படகு இது, பின்படி அகலமாக இருப்பதால். லண்டனில் இருந்தும் டொராண்டோவில் இருந்தும் சொந்தக்காரர் வருவது ஆகஸ்ட்டில். தென்மேற்குப் பருவக்காற்றில் கடல் கொந்தளிக்கும் காலம், ஆனால் ஏரியில் ஓடலாம். கலியாணப் படப்பிடிப்புக்கும் கேட்கிறார்கள். கொடுக்கிறோம், கூர்க்குதிச் செருப்பைக் கரையில் கழற்றினால் மட்டும். தேக்கில் அது விடும் குழியைத் தேய்த்து எடுக்க முடியாது. மீன்பிடிக்கு இது சரிவராது: தூண்டில் வைக்க இடமில்லை, இரத்தம் பட்ட மெத்தையைக் கழுவுவது பெரும் பாடு.

ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் பின்னேர இடிமழை வரும். திறந்த படகில் ஏரியின் நடுவே மிக உயரமான பொருள் நீங்கள்தான், ஆகவே இரண்டு மணிக்கு முன் கரைக்கு வந்துவிடுங்கள். மழைக்கு மூடும் துணியின் நடுவில் ஒரு கம்பு கொடுத்து உயர்த்தினால் தண்ணீர் தேங்காது. தானாக ஓடும் இறைப்புப் பம்பும் நல்ல பற்றரியும் இல்லாவிட்டால் ஒரு பெரிய மழைக்கு இந்தப் படகு தொட்டியாகிவிடும்.

கடலுக்குக் கொண்டு போகலாமா? முதலில் படகில் அடித்திருக்கும் தகட்டைப் பாருங்கள். ஐரோப்பிய விதியில் டி வகை என்றால் 0.3 மீற்றர் அலை வரைக்கும்தான்; சி வகை என்றால் 2 மீற்றர் வரை. எங்களுடையது டி. ஜனவரி, பெப்ரவரிக் காலையில் கொழும்புக் கடல் கண்ணாடியாகக் கிடக்கும்போது ஆசை வரும். பின்னேரம் கடற்காற்று எழும்பும்போது திரும்பி வரவேண்டும் என்பதை நினைத்தால் ஆசை போய்விடும். போர்ட் சிட்டியை மனதில் வைத்து வாங்குபவர்கள், அங்கே உள் கால்வாயோடு நிற்கப் போகிறீர்களா, தடுப்புச் சுவருக்கு வெளியே போகப் போகிறீர்களா என்பதை முதலில் முடிவு செய்யுங்கள்.

அடுத்தது வாங்கினால் நான் மின்சாரத்துக்கே போவேன். இந்த நீளத்துக்கு 5 நொட் வேகத்தில் மூன்று கிலோவாட் அளவு போதும். 20 கிலோவாட்-மணி பற்றரி எங்கள் காலைச் சுற்றுக்குத் தாராளம். எஞ்சின் சத்தமும் போகும், புகையும் போகும். மச்சான் இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை. 2022 மார்ச் கடைசியில் ஒரு நாளுக்குப் பதின்மூன்று மணித்தியாலம் கரண்ட் நின்றதை எடுத்துப் போடுகிறார். அந்த நாட்களில் டீசலும்தானே இல்லை என்று நான் கேட்டேன். இப்போதைக்கு வளவுக் கொட்டகையின் கூரைக்குச் சூரியத் தகடு போட எவ்வளவு ஆகும் என்று விலை கேட்டு வைத்திருக்கிறோம்.