மண்டையோடா, அலறும் கையா? பவல் பெரால்டாவும் சான்டா குரூஸும்

ஸ்கேட்போர்டு டிசைனை ஆராயக் கிளம்புகிறவர்கள் பெரும்பாலும் கடையில் தொங்கும் டி-ஷர்ட்டைப் பார்த்துவிட்டுத்தான் உள்ளே வருகிறார்கள். படம் அச்சாகும் இடமான பலகையின் அடிப்பக்கத்திலிருந்து தொடங்குங்கள் என்பேன் நான். 1980களில் கலிஃபோர்னியாவில் நேருக்கு நேர் மோதிய இரண்டு கம்பெனிகளை எடுத்துக்கொண்டாலே பாதி வேலை முடியும். பவல் பெரால்டாவில் வரைந்தவர் வெர்னன் கோர்ட்லண்ட் ஜான்சன், வி.சி.ஜே. என்றால்தான் பலருக்குத் தெரியும். சான்டா குரூஸில் ஜிம் ஃபிலிப்ஸ்.

அன்றைய பலகை ஏறக்குறைய 10 அங்குல அகலம், 30 அங்குல நீளம். சக்கரங்களைத் தாங்கும் டிரக் இரண்டும் முன்னும் பின்னும் இடத்தைப் பிடித்துக்கொள்ளும். நடுவே மிஞ்சும் ஓரடிச் சொச்சம்தான் ஓவியருக்கு. அதுவும் கம்பியிலும் திண்ணை விளிம்பிலும் உரசித் தேயப்போகிற இடம். படம் கெடக்கூடாது என்றே அடியில் பிளாஸ்டிக் பட்டிகளைத் திருகிக்கொண்டவர்களும் உண்டு.

அந்த இடத்தை வி.சி.ஜே. அளவுக்குப் புரிந்துகொண்டவர் இல்லை. சேரனுக்கு வில், சோழனுக்குப் புலி, பாண்டியனுக்கு மீன் என்பதுபோல, தன் பெயரில் பலகை வெளிவந்த ஒவ்வொரு ஸ்கேட்டிங் வீரருக்கும் ஒரு சின்னம் தந்தார். டோனி ஹாக்குக்கு அலகைத் திறந்து கத்தும் பறவை மண்டையோடு, ஸ்டீவ் கபல்லெரோவுக்கு டிராகன், மைக் மெக்கிலுக்குப் பாம்பு சுற்றிய மண்டையோடு, ராட்னி மல்லனுக்குச் சதுரங்கக் கட்டத்தின் மேல் நாயின் எலும்புக்கூடு. மெல்லிய கோடுகளை நெருக்கி நெருக்கிப் போட்டு நிழல் காட்டுவது அவர் பாணி. எத்தனை நேரம் பார்த்தாலும் புதிதாக ஒன்று கண்ணில் படும்.

அந்தக் கோடுகளே துணியில் காலை வாருகின்றன. திருப்பூரில் பனியனுக்குப் போடுகிற அதே ஸ்கிரீன் பிரிண்டிங்தான் அன்று பலகைக்கும். ஆனால் மரத்தில் நிற்கும் மெல்லிய கோடு பின்னல் துணியில் மை கசிந்து அடைத்துக்கொள்ளும். ஸ்டிக்கர் அளவுக்குச் சுருக்கினால் இன்னும் மோசம். ‘ரிப்பர்’ மட்டும் விதிவிலக்கு. எதிரிலுள்ள பரப்பைக் கிழித்துக்கொண்டு எட்டிப் பார்க்கும் எலும்புக்கூடு அது. சட்டையில் அச்சடித்தால் சட்டையே கிழிவது போலிருக்கும், பலகையே தேவையில்லை. சட்டை, ஸ்டிக்கர் என்று பவல் பெரால்டா விற்கும் சரக்கில் எங்கும் அதன் முகம் தெரிவதில் வியப்பில்லை.

ஜிம் ஃபிலிப்ஸ் நேர் எதிர். தடித்த கறுப்புக் கோடு, பளிச்சென்ற தட்டை வண்ணம். 1985-இல் அவர் வரைந்த ‘அலறும் கை’, அதாவது உள்ளங்கையில் பல்லும் நாக்குமாக வாய் பிளந்த நீலக் கை, ஒரு வீரரின் பலகைக்காகப் பிறந்ததல்ல. சான்டா குரூஸின் ஸ்பீட் வீல்ஸ் சக்கரங்களுக்கான அடையாளம் அது. சின்ன இடத்திலும் எடுபட வேண்டிய படம் என்பதால் தொப்பி, சாக்ஸ், ஸ்டிக்கர் எதில் போட்டாலும் குலையவில்லை. யாருடைய பெயரும் அதில் ஒட்டிக்கொள்ளாததும் வசதி: வீரர் ஓய்வு பெற்றாலும் கை ஓய்வு பெறாது. மார்வெலுடன் கூட்டு சேர்ந்தபோது ஹல்க் கை, ஸ்பைடர்மேன் கை என்று வேஷம் மாற்றினார்கள். அப்போதும் அது அதே கையாகவே இருந்தது.

பலகையிலும் ஃபிலிப்ஸ் சளைத்தவரல்ல. ராப் ராஸ்காப்பின் பலகை வரிசையில் முதலில் ஒரு குறிவட்டம். அடுத்தடுத்த பலகைகளில் அதைப் பிய்த்துக்கொண்டு ஒரு பூதம் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே வரும். வாரப் பத்திரிகைத் தொடர்கதைக்காரர்கள் பார்த்தால் பொறாமைப்படுவார்கள்.

மூன்றாவது கம்பெனியாக வேர்ல்டு இண்டஸ்ட்ரீஸைச் சேர்க்காமல் விட முடியாது, ஆனால் அதிகம் சொல்லவும் ஒன்றுமில்லை. 1987-இல் ஸ்டீவ் ராக்கோ தொடங்கியது. அதன் குடையின்கீழ் வந்த பிளைண்ட் என்ற பிராண்டு, பவல் பெரால்டாவின் வாள் குத்திய மண்டையோட்டில் வாளை எடுத்துவிட்டு வாழைப்பழத்தைச் செருகியது. அன்று குபீர்ச் சிரிப்பு. இன்று மூலப்படத்தைப் பக்கத்தில் வைத்து விளக்க வேண்டியிருக்கிறது. பின்னால் மார்க் மெக்கீ வரைந்த ஃபிளேம் பாய், வெட் வில்லி கார்ட்டூன்கள் சிறுவர் டி-ஷர்ட்டுகளாய் விற்றுத் தள்ளின. டிசைனாக எனக்கு அவை பிடிக்கவில்லை.

ஆக, சுவரில் மாட்ட ஒரே ஒரு பலகை என்றால் கபல்லெரோவின் டிராகன். சரக்கு டிசைன் பயில ஒன்றே ஒன்று என்றால் கண்ணை மூடிக்கொண்டு நீலக் கை.

இணையத்தில் படம் சேகரிப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. இரண்டு கம்பெனிகளும் பழைய பலகைகளை மறுபதிப்பாக விற்கின்றன. விற்பனைப் படங்களில் மூலமும் மறுபதிப்பும் கலந்தே கிடக்கும். ஒரே படம் அன்றே பல நிறங்களில் வந்ததால் நிறத்தை வைத்துக் காலம் சொல்ல முடியாது. பலகையின் வடிவத்தையும் கோட்டின் நுணுக்கத்தையும் ஒப்பிடுங்கள். நேரில் கிடைத்தால் விரலால் தடவிப் பாருங்கள்: ஸ்கிரீனில் அடித்த மை லேசாக மேடு தட்டும், இன்று பரவலாகிவிட்ட, சூட்டில் ஒட்டும் ஹீட் டிரான்ஸ்ஃபர் படலம் வழுவழுவென்றிருக்கும். மறுபதிப்பிலும் ஸ்கிரீன் பிரிண்டிங் உண்டு என்பதால் மேடு தட்டினாலே பழையது என்று காசை எடுத்து நீட்டிவிடாதீர்கள்.