பதினெட்டு வயசுப் பொண்ணுக்கு முதல் கார்: ஆல்டோ, வேகன் ஆர், ஃபிகோ, டியாகோ

அக்கா மகளுக்கு மூணு மாசம் முன்னாடி பதினெட்டு முடிந்தது. கேக் வெட்டின கத்தியைக் கழுவி வைப்பதற்குள் கார் பேச்சு ஆரம்பித்துவிட்டது. வீடு மடிப்பாக்கம், கல்லூரி கேளம்பாக்கம் தாண்டி. காலேஜ் பஸ் விடிந்தும் விடியாமலும் வந்துவிடும், சாயங்காலம் லேப் இழுத்தடித்தால் திரும்பி வரும் பஸ் போயே போய்விடும். அக்கா போனில் சொன்னது இவ்வளவுதான்: "டேய், நாலு லட்சத்துக்குள்ள ஏதாவது பழைய வண்டியாப் பாரு. எப்படியும் இடிக்கத்தான் போறா, அதுக்கு எதுக்கு நல்ல வண்டி?"

இதில் முதல் பாதி முழுக்க சரி. இரண்டாவது பாதிக்காகத்தான் எனக்கும் அக்காவுக்கும் ஒரு மாசம் சண்டை. இடிக்கத்தான் போகிறாள் என்றால், இடித்தாலும் உள்ளே இருப்பவரைக் காப்பாற்றுகிற வண்டியை அல்லவா தேட வேண்டும்? நம் வீடுகளில் நடப்பது தலைகீழ். இருபது வருஷமாக ஓட்டுகிற அப்பா ஆறு ஏர்பேக் வைத்த புது வண்டியில் போவார். நேற்று லைசென்ஸ் வாங்கின பிள்ளை, ஏர்பேக் என்ற எழுத்தே இல்லாத பழைய வண்டியில் ஓஎம்ஆரில் தண்ணி லாரிக்கும் மெட்ரோ வேலைத் தடுப்புக்கும் நடுவில் போகும்.

முதலில் லைசென்ஸ் விஷயம். எல்எல்ஆர், அதாவது பழகுநர் உரிமம் எடுத்து முப்பது நாள் ஆன பிறகுதான் டெஸ்ட்டுக்குப் போக முடியும், அதனால் வண்டி தேட எங்களுக்கு நேரம் இருந்தது. "தெருவுக்குள்ளதானே" என்று பதினேழு வயசுப் பையனிடம் சாவியைக் கொடுக்கும் ஆட்கள் எங்கள் ஏரியாவிலும் உண்டு. 2019இல் மோட்டார் வாகனச் சட்டத்தைத் திருத்திய பிறகு, மாட்டினால் வண்டிக்குச் சொந்தக்காரருக்கோ பெற்றோருக்கோ 25,000 ரூபாய் அபராதம், 3 வருஷம் வரை சிறை, வண்டியின் பதிவும் 12 மாதத்துக்கு ரத்து.

சரி, வண்டிகளுக்கு வருவோம். முதல் வேட்பாளர் சும்மா வந்தது. பெரியப்பாவின் 2013 ஆல்டோ 800, டிஎன் 09, சிங்கிள் ஓனர், கோயிலுக்கும் ஆஸ்பத்திரிக்கும் மட்டும் போன வண்டி. வீட்டில் எல்லோருடைய ஓட்டும் அதற்குத்தான். நானும் ஒரு மாருதி 800இல் பழகினவன்தான், அந்தப் பாசம் எனக்கும் உண்டு. ஆனால் அதில் ஏர்பேக் கிடையாது, பிரேக் அடிக்கும்போது சக்கரம் இறுகாமல் பார்த்துக்கொள்ளும் ஏபிஎஸ் கிடையாது. கார்களை மோதவிட்டுப் பாதுகாப்புக்கு ஸ்டார் கொடுக்கும் குளோபல் என்கேப் அமைப்பு 2014இல் ஏர்பேக் இல்லாத ஆல்டோ 800ஐ மோதிப் பார்த்தபோது, பெரியவர்களுக்கான பாதுகாப்பில் கிடைத்தது பூஜ்யம் ஸ்டார். ஓசியில் கிடைக்கிறதே என்பதைத் தவிர அந்த வண்டிக்குச் சாதகமாகச் சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை. பெரியப்பா இரண்டு வாரம் பேசவில்லை.

இதிலிருந்துதான் ஒரு கோடு போட்டேன்: 2019 ஜூலைக்குப் பிறகு தயாரான வண்டி மட்டும். காரணம், அந்த மாதத்திலிருந்து விற்கிற எல்லா காரிலும் டிரைவர் ஏர்பேக், சீட் பெல்ட் அலாரம், வேக எச்சரிக்கை, ரிவர்ஸ் சென்சார் கட்டாயம். ஏபிஎஸ் அதற்குக் கொஞ்சம் முன்னால், அந்த வருஷ ஏப்ரலிலேயே கட்டாயமாகிவிட்டது. ஏபிஎஸ் ஏன் முக்கியம் என்று அத்தானுக்கு விளக்க வேண்டியிருந்தது. எதிரில் ஆட்டோ சட்டென்று யு டர்ன் அடித்தால் புதுசாக ஓட்டுபவர் செய்யும் ஒரே காரியம், பிரேக்கை உயிர் போகிற மாதிரி மிதிப்பது. ஏபிஎஸ் இல்லாத வண்டியில் சக்கரம் இறுகிவிடும், ஸ்டியரிங்கை எந்தப் பக்கம் திருப்பினாலும் வண்டி நேராகச் சறுக்கிக்கொண்டு போகும். ஏபிஎஸ் இருந்தால் மிதித்த காலை எடுக்காமலேயே திருப்பித் தப்பிக்கலாம். கூவம் ஓர ரோட்டில் ஒரு மழை நாள் இதை அனுபவித்துக் கற்றவன் நான்.

இன்னொரு கோடு, முன்சீட்டில் இரண்டு ஏர்பேக். பக்கத்து சீட்டு ஏர்பேக் ஏற்கனவே விற்பனையில் இருந்த மாடல்களுக்குக் கட்டாயமானது 2021 டிசம்பர் கடைசியில்தான். அதற்கு முந்தைய வண்டி என்றால் டாஷ்போர்டில் இடப்பக்கம் எஸ்ஆர்எஸ் ஏர்பேக் என்று பொறித்திருக்கிறதா என்று நாமேதான் பார்க்க வேண்டும். ஆர்சியை, அதாவது பதிவுச் சான்றைப் பார்த்துத் தெரிந்துகொள்ள முடியாது, விற்பவர் வாயை நம்பவும் முடியாது.

இங்கேதான் வேகன் ஆர் மாட்டிக்கொண்டது. உண்மையில் ஓட்டிப் பழக இதைவிட சுலபமான வண்டி கிடைப்பது கஷ்டம். உயரமான சீட்டு, பெரிய கண்ணாடி, நாலு மூலையும் கண்ணுக்குத் தெரியும், மடிப்பாக்கம் சந்துகளில் ஒரே மூச்சில் திரும்பும். மெக்கானிக் எந்தத் தெருவிலும் கிடைப்பார். நாளைக்கு விற்றாலும் போட்ட காசில் பெரிய பொத்தல் விழாது. ஆனால் 2019இல் வந்த புது வேகன் ஆரின் கீழ் வேரியண்டுகளில் டிரைவருக்கு மட்டும்தான் ஏர்பேக், இன்னொன்று வேண்டுமென்றால் ஆப்ஷனல் வேரியண்டோ மேல் வேரியண்டோ எடுத்திருக்க வேண்டும். அந்த வருஷ என்கேப் சோதனையில் அதற்கு 2 ஸ்டார், 2023இல் இன்னும் கடுமையான புது விதிகளில் 1 ஸ்டார். இதைச் சொன்னால் அத்தான் சொல்வது: "ஊர்ல பாதி பேரு இதுலதான்டா போறாங்க." போகிறார்கள்தான். அவர்களில் பாதிப் பேருக்கு பத்து வருஷ அனுபவம் இருக்கும்.

டியாகோவில் கதை வேறு. 2020 ஜனவரியில் முகம் மாற்றி, பிஎஸ்6 என்ற மாசுக் கட்டுப்பாட்டு விதிக்கு ஏற்ற இன்ஜினோடு வந்த டியாகோவில் அடி வேரியண்டிலேயே இரண்டு ஏர்பேக், அதே மாதம் என்கேப் சோதனையில் 4 ஸ்டார். கதவைச் சாத்தும் சத்தத்தை வைத்து பாதுகாப்பைச் சொல்லக் கூடாது என்று எனக்குத் தெரியும், ஆனாலும் சாத்திப் பார்த்தேன், எல்லோரும் செய்வதுதானே. குறைகளும் உண்டு. மூணு சிலிண்டர் இன்ஜின், சிக்னலில் நிற்கும்போது ஒரு நடுக்கம் ஸ்டியரிங் வழியாகக் கைக்கு வரும். பின்னால் திரும்பிப் பார்த்தால் வேகன் ஆர் அளவுக்கு வெளியே தெரியாது, முதல் மாசம் ரிவர்ஸ் எடுக்கும்போது யாராவது இறங்கி நிற்க வேண்டும். விற்கும்போது வேகன் ஆர் விலையும் வராது. ஆனால் அது வாங்குகிற நமக்கு லாபம்தானே! நான் பார்த்த வண்டிகளில், அதே வருஷம், கிட்டத்தட்ட அதே கிலோமீட்டர், வேகன் ஆருக்கு நாலு லட்சத்து நாற்பதாயிரம் சொன்னார்கள், டியாகோவின் மேல் வேரியண்டே நாலு லட்சத்து பத்தாயிரத்துக்கு வந்தது. வேகன் ஆருக்குக் கூடுதலாகக் கொடுக்கிற முப்பதாயிரம், அந்தப் பேருக்குக் கொடுப்பது.

ஃபிகோவை எனக்குப் பிடிக்கும், அதை மறைக்கப் போவதில்லை. குஜராத் சானந்தில் செய்த வண்டி, ஓட்டினால் ரோட்டோடு ஒட்டிக்கொண்டு போகும், 2019 மாடலில் எல்லா வேரியண்டிலும் இரண்டு ஏர்பேக், இதே வண்டிக்கு டிக்கி வைத்த ஆஸ்பயர் 2017இல் 3 ஸ்டார் வாங்கியது. மூன்றிலும் விலை குறைவு இதற்குத்தான், காரணமும் எல்லோருக்கும் தெரிந்ததே: 2021இல் ஃபோர்டு இந்தியாவில் கார் தயாரிப்பதை நிறுத்துவதாக அறிவித்தது. சர்வீஸ் இன்னும் நடக்கிறது, ஆனால் ஒரு ஹெட்லைட்டுக்கோ பம்பருக்கோ ஆர்டர் போட்டுக் காத்திருக்க நேர்ந்தால், காரில் ஆர்வம் உள்ளவன் புதுப்பேட்டையில் ஒரு சனிக்கிழமையைச் செலவு செய்து வாங்கி வந்துவிடுவான். பதினெட்டு வயசுப் பொண்ணுக்கும், இன்ஜின் ஆயில் எந்தப் பக்கம் ஊற்றுவது என்று தெரியாத அத்தானுக்கும் அது ஆகாது. எனக்காக வாங்கியிருந்தால் ஃபிகோதான்.

மற்றவை சட்டென்று. போலோ கெட்டியான வண்டி, இரண்டு ஏர்பேக்கோடு 4 ஸ்டார் வாங்கியது, ஆனால் ஒரு தடவை சர்வீஸ் விட்டால் பில்லைப் பார்த்து அக்கா என்னைத்தான் திட்டுவாள். எட்டியோஸ் லிவா என்கேப்பில் 4 ஸ்டார் வாங்கிய வண்டி, ஆனால் எட்டியோஸ் குடும்பமே சென்னையில் டாக்ஸிக்கு நிறைய ஓடியது. டி போர்டை (டாக்ஸிப் பதிவை) ஓன் போர்டாக (சொந்த உபயோகப் பதிவாக) மாற்றின வண்டியா என்று ஆர்சி வரலாற்றைப் பார்க்காமல் தொடவே கூடாது. நெக்ஸான் 5 ஸ்டார், எங்கள் பட்ஜெட்டில் கிடைத்ததெல்லாம் ஓடிக் களைத்த டீசல்.

மருமகளுக்கு இதிலெல்லாம் அக்கறை இல்லை. அவள் கேட்டது ஒன்றுதான்: "மாமா, கியர் இல்லாத வண்டி கிடைக்காதா?" கிடைக்கும், கிளட்ச் மிதிக்காமல் தானே கியர் மாற்றும் ஏஎம்டி வேகன் ஆரிலும் டியாகோவிலும் உண்டு. மத்திய கைலாஷில் முக்கால் மணி நேரம் கிளட்சை மிதித்தவர்கள் யாரும் அவளைக் குறை சொல்ல மாட்டார்கள். ஆனால் பழைய ஏஎம்டிகள் பலவற்றில் மேம்பால ஏற்றத்தில் பிரேக்கிலிருந்து காலை எடுத்தால் வண்டி லேசாகப் பின்னால் போகும், ஹேண்ட்பிரேக் போட்டு எடுக்கத் தெரியாத புது ஆளுக்கு அதுவே பயம். பழசில் கிளட்சை இயக்கும் ஆக்சுவேட்டர் போனால் செலவு, தெரு மெக்கானிக்கும் கையை விரித்துவிடுவார். அதனால் மேனுவல். அவளுக்கு இன்னும் என்மேல் கோபம்தான்.

மாடலைவிட அந்த ஒரு குறிப்பிட்ட வண்டி எப்படி இருக்கிறது என்பதுதான் முக்கியம், சென்னையில் அது ரெண்டு மடங்கு முக்கியம். வேளச்சேரி பக்கம் ஒரு கார் கன்சல்டிங்கில் 2020 வேகன் ஆர் காட்டினார்கள், மேல் வேரியண்ட், இரண்டு ஏர்பேக், பளபளவென்று இருந்தது, உள்ளே எலுமிச்சை வாசனை மூக்கைத் துளைத்தது. அவ்வளவு வாசனை எதற்கு? கூட வந்த மெக்கானிக் அண்ணன் ஒரு வார்த்தை பேசாமல் பின்சீட்டு பெல்ட்டைக் கடைசி வரை இழுத்தார். உள்ளே சுருண்டிருந்த பகுதியில் டீக்கறை மாதிரி ஒரு கோடு. ஸ்டெப்னியைத் தூக்கினால் அடியில் காய்ந்த சேறு, சீட்டு ரெயிலில் துரு. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது அந்த வண்டி எங்கே நின்றிருந்தது என்று கேட்டோம். "மாடியில" என்றார் விற்பவர். வண்டியை எந்த மாடியில் ஏற்றினார்கள் என்று கேட்டுக்கொண்டிருக்காமல் கிளம்பிவிட்டோம். வெள்ளத்துக்குப் பயந்து வேளச்சேரி மேம்பாலத்தில் நிறுத்தினோம் என்று சொல்லியிருந்தாலாவது நம்பியிருப்பேன். தண்ணியில் நின்ற வண்டியை வெளியே எவ்வளவு தேய்த்தாலும், வயரிங்கும் ஏர்பேக் கனெக்டரும் உள்ளுக்குள் பச்சை பிடித்துக்கொண்டே இருக்கும். நாம் நம்பி வாங்குகிற ஏர்பேக்கே கடைசியில் விரியாமல் போகலாம்.

மீட்டரைச் சுத்தியிருக்கிறார்களா என்பதற்கு அண்ணன் வைத்திருக்கும் வழி டயர். டயரின் ஓரத்தில் நாலு இலக்கம் இருக்கும், 2419 என்றால் 2019இன் 24ஆவது வாரம். 2020 வண்டி இருபதாயிரம்தான் ஓடியது என்கிறார்கள், ஆனால் நாலு டயரும் 2023இல் செய்தவை என்றால் கேள்வி கேளுங்கள். கண்ணாடிகளிலும் வருஷம் இருக்கும், ஒன்று மட்டும் தனி வருஷமாக இருந்தால் எப்போதோ உடைந்திருக்கிறது.

கடைசியில் டியாகோதான் என்று முடிவானது. பேரத்தில் எங்களுக்குக் கை கொடுத்தது ஜிஎஸ்டி. 2025 செப்டம்பர் 22இலிருந்து சிறிய கார்களுக்கு 28 சதவீதம் 18 ஆனது. புது வண்டியே இறங்கியிருக்கும்போது பழசுக்குப் பழைய விலையையே சொல்கிறீர்களே என்றதும் டியாகோக்காரர் பதினைந்தாயிரம் இறங்கினார். நேரடி ஓனர், டிஎன் 07, லோன் முடிந்த வண்டி. லோன் பாக்கி இல்லை என்பதற்கான பேங்க் என்ஓசியும் ஃபார்ம் 35ம் கையில் வந்த பிறகுதான், பேர் மாற்றுவதற்கான ஃபார்ம் 29, 30இல் கையெழுத்து வாங்கினோம்.

இன்சூரன்ஸில் இரண்டு விஷயம். "50 சதவீதம் நோ கிளெய்ம் போனஸ் இருக்கு சார்" என்பார்கள், கிளெய்ம் போடாமல் இருந்ததற்கான அந்தத் தள்ளுபடி விற்பவருடையது, வண்டியோடு வராது. பாலிசியை 14 நாளுக்குள் பேர் மாற்ற வேண்டும். வண்டியைத் தன் பேரில் வாங்க வேண்டும் என்று அக்கா பிடிவாதம் பிடித்தாள், ஆனால் 15 லட்ச ரூபாய் கட்டாய விபத்துக் காப்பீடு லைசென்ஸ் உள்ள ஓனர் டிரைவருக்குத்தான், அக்காவுக்கோ லைசென்ஸே இல்லை. ஆகவே மகள் பேரில்தான் ஆர்சி. நம் வண்டியால் மற்றவர்களுக்கு வரும் நஷ்டத்துக்கான மூன்றாம் நபர் பிரீமியம், 2022இல் நிர்ணயித்தபடி, 1000 சிசிக்குள் 2,094 ரூபாய், அதற்கு மேல் 1500 வரை 3,416, வரி தனி. 1 லிட்டர் வேகன் ஆருக்கும் 1.2 டியாகோவுக்கும் வருஷத்துக்கு அவ்வளவுதான் வித்தியாசம். இன்ஜின் புரொடெக்ஷன் என்ற கூடுதல் காப்பை மட்டும் விடாதீர்கள். தேங்கின தண்ணியில் நின்ற வண்டியைத் திரும்ப ஸ்டார்ட் செய்து இன்ஜின் போனால் சாதாரண பாலிசியில் பெரும்பாலும் கையை விரித்துவிடுவார்கள்.

வண்டி வந்து பதினோராம் நாள் அபார்ட்மென்ட் தூணில் இடப்பக்கக் கதவைத் தேய்த்துவிட்டாள். அக்கா உடனே போன்: "சொன்னேன்ல?" கிளெய்ம் போட வேண்டாம், போட்டால் அடுத்த வருஷம் கிடைக்க வேண்டிய 20 சதவீத போனஸ் போய்விடும், இன்னும் இரண்டு மூணு கோடு விழட்டும், எல்லாவற்றுக்கும் சேர்த்து டிங்கரிங் பார்த்துக்கொள்ளலாம் என்றேன்.