டஃப்டிங் கன்: மோட்டார் ஜோர், ஊசிதான் நிற்க மாட்டேன் என்கிறது

கும்பகோணத்தில் வீட்டு மாடியில் கால்மிதி, சுவர் விரிப்பு செய்கிறேன். துணியில் நூலைக் குத்தி இறக்கி வெட்டுகிற இந்த டஃப்டிங் கன்னை ஆன்லைனில் வாங்கினேன். மோட்டாரைக் குறை சொல்ல முடியாது. ஆனால் ஊசியைப் பிடிக்கிற அலன் திருகு இருக்கிறதே, அரை மணி நேரம் ஓட்டினால் அதிர்வில் தானாகத் தளர்கிறது, ஊசி துளி நகர்ந்தாலும் கத்தரி அதில் உரசி, நூல் சரியாக வெட்டுப்படாமல் துணியில் தாடி மாதிரி தொங்குகிறது. சத்தம் மாறினால் உடனே நிறுத்திவிடுங்கள். நான் நிறுத்தாமல் ஒரு ஊசியை உடைத்தேன்.

விற்றவர்களைக் கேட்டால் "நல்லா டைட் பண்ணுங்க சார்" என்று ஒரே பதில். டைட் பண்ணிப் பண்ணித்தான் திருகின் ஆறுபட்டைக் குழியே வழுக்க ஆரம்பித்தது!

அப்புறம் பக்கத்துத் தெரு லேத் பட்டறை அண்ணன்தான் வழி சொன்னார். மரையில் எண்ணெய்ப் பிசுக்கைத் துடைத்துவிட்டு, நீல நிற லாக்டைட் (திருகு தளராமல் பிடிக்கிற பசை) ஒரு சொட்டு விட்டு முடுக்கி, ஒரு ராத்திரி அப்படியே விடவேண்டும். "செவப்பத் தொடாத தம்பி, சூடு காட்டினாத்தான் கழலும், அப்புறம் ஊசி மாத்த முடியாது." புதுத் திருகும் அவரே போட்டுக் கொடுத்தார், டீக்காசுதான் வாங்கினார். 3 வாரமாக ஊசி அசையவில்லை.

5க்கு 3 ஸ்டார். அதில் ஒன்று அந்த அண்ணனுக்கு.