அரிவாளில் தங்கம் பதிக்கக் கொடுப்பவர்கள் கவனத்துக்கு

மலேசியாவில் சுங்கை சிப்புட், கோலகங்சார் பக்கம் உள்ள சொந்தங்களே, இரும்பில் சித்திரம் செதுக்கித் தங்கம் பதித்துத் தருகிறேன் என்று ஒருவர் தோட்டத்துக் கோயில்களைச் சுற்றி வருகிறார். தயவுசெய்து எதையும் கொடுத்துவிடாதீர்கள்.

எங்கள் வீட்டு முனியாண்டி அரிவாளைக் கொடுத்தோம். தாத்தா தோட்டத்து லயத்து வீட்டில் வைத்துக் கும்பிட்டது. தோட்டத்தை விட்டு டவுனுக்கு வந்தபோது கட்டிலைக்கூட விட்டுவிட்டு அதைத்தான் தூக்கிக்கொண்டு வந்தார்கள். கூலி 1,800 வெள்ளி. பதிப்பதற்கு அம்மாவின் 916 தோடு ஒரு ஜோடி. "உருக்கிச் சுத்தம் பண்ணி, கம்பியா இழுத்து அடிச்சிடுறேன்மா" என்றார்.

வந்தபோது பளபளவென்றுதான் இருந்தது. ஆடிப் பூசைக்கு வழக்கம்போல் நுனியில் எலுமிச்சம்பழம் குத்தினோம். சாறு வழிந்த இடத்தில் துரு கிளம்பி, தங்கம் வெங்காயத் தோல் மாதிரி உரிந்து வந்தது. எலுமிச்சைச் சாறு தங்கத்தை ஒன்றும் செய்யாது. உண்மையாகவே கம்பி இறக்கியிருந்தால் சுற்றியுள்ள இரும்பு துருப்பிடித்தாலும் கம்பி நிற்கும். எங்கள் பத்தர் லென்ஸ் வைத்துப் பார்த்துவிட்டு, கோடு லேசரில் சுட்டது, மேலே இருப்பது வெறும் முலாம் என்றார். தோட்டுத் தங்கம் எங்கே என்று கேட்டதிலிருந்து அந்த ஆள் ஃபோன் எடுப்பதில்லை. அம்மா அதைப் பற்றிப் பேசவே மாட்டேன் என்கிறார்.

நல்ல வேலை எப்படி நடக்கும் தெரியுமா? உளியால் பள்ளம் வெட்டி, பள்ளத்தின் அடிப்பக்கம் வாயைவிட அகலமாக இருக்கும்படி ஓரங்களை உள்வாங்கச் செதுக்குவார்கள். அதில் 24 காரட் கம்பியை வைத்து அடிக்க, தங்கம் பரவி உள்ளே பூட்டிக்கொள்ளும். பசை கிடையாது. மெல்லிய தங்கமென்றால் இரும்பின் மேல் நெருக்கமாகக் குறுக்கும் நெடுக்கும் கீறி, அந்தச் சொரசொரப்பில் அழுத்துவார்கள். உதய்ப்பூரில் வாள், கட்டாரிகளுக்குச் செய்யும் கோஃப்த்காரி இதுதான். இரண்டுமே கைவேலை, லென்ஸில் பார்த்தால் உளித் தடம் தெரியும். கோடெல்லாம் ஒரே ஆழத்தில், ஓரம் கருகியிருந்தால் சந்தேகப்படுங்கள்.

இன்னொன்று, அவர் காட்டும் படங்கள். கருமருந்து போட்டுச் சுடும் பழங்கால ரிவால்வர்கள், உடம்பெல்லாம் கொடிக்கருக்கு, தங்கக் கோடு. "வெளிநாட்டுக்காரருக்கு நான் செஞ்சது, இந்தக் கப்பல் சண்டையும் என் கையால வெட்டினது" என்பார். அண்ணன் மகன் அந்தப் படத்தை ஃபோனில் எடுத்து வைத்திருந்தான். அது அமெரிக்கத் துப்பாக்கித் தயாரிப்பாளர் சாமுவேல் கோல்ட்டின் 1851 நேவி மாடல். குண்டு போடும் உருளையில் உள்ள கப்பல் சண்டை, 1843இல் டெக்சஸ் கடற்படை மெக்சிகோவோடு மோதியது. ஆர்ம்ஸ்பி என்பவர் செதுக்கிய எஃகு அச்சை வைத்து, தொழிற்சாலையிலேயே உருட்டிப் பதித்தார்கள். இத்தாலியில் இன்று செய்யும் நகல்களிலும் அதே காட்சிதான் வருகிறது. அதை என் கையால் வெட்டினேன் என்பது அப்பட்டமான பொய். இந்த நாட்டில் 1960 ஆயுதச் சட்டம் இருக்கும்போது, லைசென்ஸ் இல்லாமல் துப்பாக்கியை வாங்கி வேலை செய்ததாகப் பெருமை பேசுபவரிடம் சாமி அரிவாளை எப்படி நம்பிக் கொடுப்பது?

ரசீதில் முகவரி இருந்ததால் பயனீட்டாளர் நடுவர் மன்றத்தில் மனுப் போட்டிருக்கிறோம். கட்டணம் 5 வெள்ளிதான். 50,000 வெள்ளி வரை கோரலாம், 3 வருடத்துக்குள் போட வேண்டும். இனி யாரிடம் தங்கம் கொடுத்தாலும் அதன் எடையும் ரசீதில் இருக்கட்டும்.

வேலோ அரிவாளோ இப்போது அவரிடம் இருந்தால் முதலில் போய்ப் பொருளை வாங்கிவிடுங்கள். ரசீது, படம் வைத்திருப்பவர்கள் எனக்கு அனுப்புங்கள், விசாரணையில் சேர்த்துக் கொடுக்கிறேன்.