கல்விக் கடனை அடைக்க ஆர்மி பயிற்சி மையம்: தம்பி தங்கிப் படித்த மூன்று மாதம்

வேலூர் பக்கம் தங்கிப் படிக்கும் ஆர்மி பயிற்சி மையம் ஒன்றில் என் தம்பி 2025 ஜனவரியிலிருந்து மார்ச் வரை இருந்தான். மையத்தின் பெயரைச் சொல்லவில்லை. இதே மாதிரி போர்டுகள் எங்கள் மாவட்டத்தில் நிறைய இருக்கின்றன, இந்த அனுபவம் அவற்றில் எதில் சேர நினைப்பவருக்கும் உதவும். ஓட்டப் பயிற்சிக்கு ஐந்துக்கு நாலரை கொடுப்பேன், எழுத்துத் தேர்வு வகுப்புக்கு ஒன்றரை. பணம், சான்றிதழ் விஷயத்தில் நடந்துகொண்ட விதத்துக்கு எதுவும் கொடுக்க மனம் வரவில்லை.

நாங்கள் குடியாத்தம். அப்பா கைலி நெய்கிறவர். தம்பி பத்தாவது முடித்துத் தனியார் பாலிடெக்னிக்கில் மெக்கானிக்கல் டிப்ளமோ சேர்ந்தான். கட்டணம், ஹாஸ்டல் எல்லாம் சேர்த்து வருடத்துக்கு 80,000 வீதம் மூன்று வருடத்துக்கு 2,40,000 ரூபாய் கல்விக் கடன். 4 லட்சம் வரை சொத்து ஈடு கேட்க மாட்டார்கள், அப்பா கூட்டுக் கடன்தாரராகக் கையெழுத்துப் போட்டால் போதும். படிக்கும் காலமும் அதன் பிறகு ஒரு வருடமும் தவணை கட்ட வேண்டாம், ஆனால் அந்த நான்கு வருடமும் வட்டி ஏறிக்கொண்டே இருக்கும் என்பது எங்கள் வீட்டில் யாருக்கும் தெரியாது. வருமானம் நாலரை லட்சத்துக்குள் இருக்கும் குடும்பங்களுக்கு இந்த வட்டியை மத்திய அரசே கட்டும் திட்டம் இருக்கிறது. தம்பி படித்த படிப்புக்கு அது கிடைக்கவில்லை. பத்தரை சதவீத வட்டியில் கணக்குப் போட்டால் 75,600 ரூபாய் வட்டி சேர்ந்து கடன் 3,15,600 ஆகியிருந்தது. ஐந்து வருடத் தவணை என்று போட்டு மாதம் 6,780 கட்ட வேண்டும் என்று கிளையில் சொன்னார்கள். அப்பாவின் ஒரு மாதக் கூலியில் பாதிக்கு மேல் அது.

அந்த வாரம்தான் தம்பி அந்த போர்டைப் பார்த்திருக்கிறான். 'கல்விக் கடனா? கவலை வேண்டாம். மூன்று மாதத்தில் சீருடை, நான்கு வருடத்தில் 11 லட்சம்' என்று எழுதியிருந்தது.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். மைதானப் பயிற்சியைக் கொடுப்பவர் ஓய்வு பெற்ற ஹவில்தார், எல்லோரும் மாஸ்டர் என்றுதான் கூப்பிடுவார்கள். அவரைப் போல ஒருவர் கிடைப்பது பெரிய விஷயம். காலை நாலே முக்காலுக்கு விசில், ஐந்து மணிக்கு ஏரிக்கரையில் ஓட்டம். முதல் வாரமே 1,600 மீட்டர் ஓட விட மாட்டார். நடை, மெதுவான ஓட்டம், கால் தசைக்கான பயிற்சி என்று பத்து நாள் போன பிறகுதான் ஸ்டாப் வாட்சை எடுப்பார். முழங்காலுக்குக் கீழே எலும்பு வலி வந்த பையன்களை ஓட விடாமல் உட்கார வைத்து ஐஸ் கட்டி ஒத்தடம் கொடுத்ததை நானே பார்த்தேன். ராணுவத் தேர்வில் அந்த 1.6 கிலோமீட்டரை 5 நிமிடம் 30 விநாடிக்குள் முடித்தால் முதல் பிரிவு, முழு 60 மதிப்பெண். ஒரு விநாடி தாண்டினாலும் அடுத்த பிரிவு, மதிப்பெண் 48 ஆகிவிடும். தம்பி போன அன்று 7 நிமிடம் 10 விநாடி ஓடினான், வரும்போது 5:38. பீமில், அதாவது கம்பியைப் பிடித்துத் தொங்கி உடம்பை மேலே தூக்குவதில், மூன்று எடுக்கவே திணறியவன் பத்தை எட்டினான். 9 அடி பள்ளம் தாண்டுவது, ஜிக்ஜாக் கட்டையில் நடப்பது எல்லாம் சரியாக வந்துவிட்டது. சாப்பாடும் பரவாயில்லை. காலையில் ராகிக் கஞ்சி, சுண்டல், இரண்டு முட்டை, வாரம் இரண்டு நாள் கோழி. தங்குமிடம்தான் மோசம், தகரக் கொட்டகையில் 38 பேருக்கு மூன்று கழிப்பறை.

இனி வகுப்பு. இப்போது ராணுவத்தில் நான்கு வருடத்துக்குச் சேர்க்கும் சிப்பாய்களை அக்னிவீர் என்கிறார்கள். 2023 முதல் அக்னிவீர் தேர்வில் எழுத்துத் தேர்வுதான் முதலில், கணினியில் நடக்கும். அதில் தேறினால்தான் மைதானத்துக்கே கூப்பிடுவார்கள். ஜெனரல் டூட்டி என்ற பொதுச் சிப்பாய் பணிக்கு ஒரு மணி நேரத்தில் 50 கேள்வி, தவறான பதிலுக்கு மதிப்பெண் கழிப்பார்கள். அப்படியிருக்க இந்த மையத்தில் ஒரு நாளைக்கு ஒரே ஒரு மணி நேரம்தான் வகுப்பு, அதுவும் ராத்திரி எட்டரைக்கு. காலையிலிருந்து ஓடிக் களைத்த பையன்கள் பாதிப் பேர் தூங்கி விழுவார்கள். 2025-ல் இந்தத் தேர்வைத் தமிழிலும் எழுதலாம் என்று வந்துவிட்டது, இங்கே கையில் கொடுத்தது பழைய இந்தி, ஆங்கில ஜெராக்ஸ் கட்டு. மார்ச், ஏப்ரலில் விண்ணப்பம், ஜூன் கடைசியில் தொடங்கி ஜூலையில் தேர்வு. தம்பி தேறவில்லை. அவ்வளவு பாடுபட்டுக் குறைத்த அந்த ஒன்றரை நிமிடத்தை ஒரு அதிகாரிகூடப் பார்க்கவில்லை. இது எனக்கு இன்னும் ஆறவில்லை.

மருத்துவப் பரிசோதனை பற்றியும் மையத்தில் யாரும் வாய் திறக்கவில்லை. தம்பி அறையில் இருந்த ஒரு பையனுக்கு நிறக்குருடு இருப்பது இரண்டு மாதம் முடிந்த பிறகுதான் தெரிந்தது. அரசு மருத்துவமனைக் கண் பிரிவில் புள்ளிப் படப் புத்தகத்தைக் காட்டிச் சில நிமிடத்தில் சொல்லிவிடுவார்கள். நிறக்குருடு, முட்டி இடிப்பது, தட்டைப் பாதம் இதையெல்லாம் பணம் கட்டும் முன்பே பார்த்துவிடுங்கள். உயரமும் அப்படித்தான், நம் பக்கத்துப் பையன்களுக்கு ஜெனரல் டூட்டிக்கு 166 செ.மீ. வேண்டும்.

கட்டணம் மூன்று மாதத்துக்கு 27,000. முதலில் 12,000 கட்டினால் போதும், மீதி 'வேலை கிடைத்த பிறகு' என்றார்கள். அந்த 12,000-க்காக அம்மா தோட்டை அடகு வைத்தார். மீதிப் பணத்துக்கு உத்தரவாதமாகப் பத்தாவது மதிப்பெண் பட்டியலையும் டிப்ளமோ சான்றிதழையும் அசலாக வாங்கி வைத்துக்கொண்டார்கள். தம்பி தேறவில்லை என்றதும் பேச்சு மாறியது, 15,000 கட்டினால்தான் சான்றிதழ் என்றார்கள். செலக்‌ஷன் ஆன பையன்களிடம் தனியாக 50,000 கேட்டார்கள் என்றும் தம்பி சொன்னான். ராணுவ ஆள்சேர்ப்பில் ஏஜெண்டுக்கு வேலையே இல்லை, விண்ணப்பக் கட்டணம் 250 ரூபாய்தான். நான் எஸ்.பி. அலுவலகத்துக் குறைதீர் நாளில் மனு கொடுத்தேன். அடுத்த நான்காம் நாள் சான்றிதழ் இரண்டும் வீட்டுக்கு வந்தன. எந்த மையமாக இருந்தாலும் நகல் மட்டும் கொடுங்கள். அசல் கேட்டால் அப்படியே திரும்பி வந்துவிடுங்கள்.

இதையெல்லாம்விட அந்த போர்டில் இருந்த 11 லட்சம்தான் எனக்கு முக்கியம். அதைப் பார்த்துத்தான் என் தம்பி போனான், உங்கள் வீட்டுப் பையனும் போவான்.

2022 ஜூன் 14-ல் அறிவித்த அக்னிபத் திட்டத்தில் முதல் வருடம் மாதம் 30,000. அதில் 9,000-ஐ சேவா நிதிக்கு, அதாவது கடைசியில் மொத்தமாகத் தரும் சேமிப்புக்கு, பிடித்துக்கொண்டு கையில் 21,000 தருவார்கள். நான்காம் வருடம் 40,000, கையில் 28,000. நான்கு வருடத்தில் பையனிடமிருந்து பிடிப்பது 5.02 லட்சம், அரசு போடுவது அதே 5.02 லட்சம், வட்டி சேர்ந்து சுமார் 11.71 லட்சம். வரி கிடையாது. போர்டில் போட்டது பொய் இல்லை. ஆனால் அது நான்காம் வருடம் முடிந்துதான் கைக்கு வரும். வங்கி வட்டி அதுவரை காத்திருக்காது. விண்ணப்பித்து, தேர்வு எழுதி, மைதானம், மருத்துவம் எல்லாம் முடிந்து பயிற்சிக்குப் போய்ச் சேரவே ஒரு வருடத்தை ஒட்டி ஆகிவிடும், 'மூன்று மாதத்தில் சீருடை' எப்படி நடக்கும்? இடையில் விட்டுவிட்டும் வர முடியாது. விசேஷ காரணம் இருந்து மேலிடம் அனுமதித்தால்தான் உண்டு, அப்போதும் அவன் போட்ட பங்கும் அதன் வட்டியும்தான் கிடைக்கும், அரசின் பங்கு வராது.

சரி, அப்படியானால் கடனுக்கு இது உதவாதா என்றால் உதவும், அதையும் மறைக்கக் கூடாது. முகாமில் சோறும் தங்குமிடமும் இலவசம். 21,000-இல் மாதம் 15,000 வீட்டுக்கு அனுப்பினால் எங்கள் 3,15,600 இரண்டு வருடத்தில் முடிந்துவிடும், சேவா நிதியைத் தொடவே வேண்டாம். கையில் வரும் சம்பளம் மட்டும் நான்கு வருடத்தில் 11.7 லட்சத்துக்கு மேல் வருகிறது. கடன் எட்டு, பத்து லட்சம் என்றால் நிலைமை வேறு. ஆனால் அவ்வளவு கடன் வாங்கி பி.இ. முடிக்கும் பையனுக்குப் பெரும்பாலும் 21, 22 வயது ஆகிவிடும், திட்டம் அறிவித்தபோது வைத்த வரம்பே பதினேழரை முதல் 21. அவர்கள் பார்க்க வேண்டியது ராணுவ அதிகாரிகளுக்கான எஸ்.எஸ்.சி. (ஷார்ட் சர்வீஸ் கமிஷன், குறுகிய காலப் பணி) டெக்னிக்கல் நுழைவு. அது பொறியியல் பட்டதாரிகளுக்கானது, 27 வயது வரை. பயிற்சியிலேயே மாதம் 56,100 உதவித்தொகை உண்டு.

கணக்கு சரியாக வந்தாலும் என் மனம் சமாதானம் ஆகாததற்குக் காரணம் அந்த நான்கு வருடத்துக்குப் பிறகு வருவது. எங்கள் மாவட்டத்தில் கம்மவான்பேட்டை இருக்கிறது, ராணுவப்பேட்டை என்றே சொல்வார்கள், தலைமுறை தலைமுறையாக வீட்டுக்கு வீடு பட்டாளத்துக்குப் போன ஊர். அப்பாவின் மனதில் இருக்கும் மிலிட்டரி வேலை அதுதான். பதினேழு வருடம் இருந்துவிட்டுப் பென்ஷனோடு வந்து, கேன்டீன் கார்டு வைத்துக்கொண்டு, வங்கியில் செக்யூரிட்டியாகவும் சேர்ந்துவிடுவார்கள். அக்னிவீருக்குப் பென்ஷன் இல்லை, கிராஜுவிட்டி இல்லை, முன்னாள் ராணுவத்தினர் என்ற தகுதியும் இல்லை. நூற்றுக்கு 25 பேர் வரைதான் தொடர்ந்து வைத்துக்கொள்வார்கள். மத்திய ஆயுதக் காவல் படைகளில் 10 சதவீத ஒதுக்கீடு என்று 2022-ல் அறிவித்தார்கள். 2022 கடைசியிலும் 2023 ஜனவரியிலும் பயிற்சிக்குப் போன முதல் அணிக்கே 2026 கடைசியில்தான் நான்கு வருடம் முடியத் தொடங்குகிறது, வெளியே வருகிறவர்களுக்கு என்ன கிடைக்கிறது என்பதை அப்போதுதான் கண்ணால் பார்க்க முடியும். 48 லட்சம் ஆயுள் காப்பீடு உண்டு என்று மையத்தில் உற்சாகமாகச் சொன்னார்கள். அம்மா அதைக் கேட்டதும் எழுந்து வெளியே போய்விட்டார். கடனுக்காக அனுப்புகிறோம் என்றால் எதைப் பணயம் வைக்கிறோம் என்பது அம்மாவுக்குத்தான் முதலில் தெரிந்தது.

தேர்வில் தேறாமல் போனதும் இரண்டு தவணை விட்டுப்போனது. வசூல் ஆள் ராத்திரி ஒன்பது மணிக்கு அப்பாவுக்கு போன் செய்தார். காலை எட்டுக்கு முன்பும் மாலை ஏழுக்குப் பின்பும் வசூலுக்காகக் கூப்பிடக் கூடாது என்று ரிசர்வ் வங்கி சொல்லியிருக்கிறது. அதை எழுதியே புகார் கொடுத்தோம், போன் நின்றது. அப்புறம் நானும் தம்பியும் கிளை மேலாளரை நேரில் பார்த்தோம். கல்விக் கடனை 15 வருடம் வரைகூட நீட்டிக் கட்டலாம், கேட்டால்தான் சொல்கிறார்கள். பத்து வருடமாக மாற்றச் சொன்னோம், தவணை 6,780-லிருந்து 4,260-க்கு இறங்கியது. மொத்தத்தில் லட்ச ரூபாய்க்கு மேல் வட்டி கூடும் என்பது உண்மை, ஆனால் கையில் காசு வரும்போது கூடுதலாகக் கட்டலாம், அபராதம் இல்லை. இந்த ஒரு பேச்சை ஜனவரியிலேயே பேசியிருந்தால் அம்மாவின் தோடு அடகுக்குப் போயிருக்காது.

தம்பி இப்போது ராணிப்பேட்டை சிப்காட்டில் 15,000 சம்பளத்துக்கு வேலை பார்க்கிறான், தவணை அவனே கட்டுகிறான். மேலாளரைப் பார்த்துவிட்டு வந்த அன்று, 'இனி கடனுக்காகப் போக வேண்டியதில்லையே, விட்டுவிடுடா' என்றேன். 'கடனுக்காகத்தான் போனேன் அக்கா, ஆனால் அங்கே ஓட ஓட எனக்கு அது பிடித்துவிட்டது' என்றான். அதற்கு மேல் நான் தடுக்கவில்லை. அடுத்த அறிவிப்புக்கு அவனே விண்ணப்பிப்பான், தமிழில் எழுதுவான். ஷிப்ட் முடிந்து வந்து ராத்திரி கணக்குப் போட்டுப் பார்க்கிறான்.

மாஸ்டர் அந்த மையத்தை விட்டு விலகிவிட்டார். ஞாயிற்றுக்கிழமை காலை எங்கள் ஊர்ப் பள்ளி மைதானத்துக்கு வந்து தம்பிக்கும் இன்னும் நான்கு பையன்களுக்கும் காசு வாங்காமல் ஸ்டாப் வாட்ச் பிடிக்கிறார். போன வாரம் தம்பி 5 நிமிடம் 31 விநாடி.