பழைய போர்டில் புது ப்ராசசர்: மூன்று வருடம் ஓட்டிய பிறகு

மீட்டிங் ஓடிக்கொண்டிருக்கும்போது ஒரு எக்செல் ஃபைலைத் திறந்தால் போதும், எதிர்முனையில் பேசுபவரின் குரல் தகரத்தில் மணல் கொட்டியது போலக் கரகரக்கும். இப்படித்தான் ஆரம்பித்தது. 2017 கடைசியில் பாகம் பாகமாக வாங்கி நானே பூட்டிய கணினி அது. ரைசன் 3 1200 ப்ராசசர், பி350 சிப்செட் (மற்ற பாகங்களை இணைக்கும் துணைச் சிப்) உள்ள மதர்போர்டு, 8 ஜிபி ரேம், ஜிடிஎக்ஸ் 1050 டிஐ கிராஃபிக்ஸ் கார்டு. வீட்டு வேலைக்கு நான்கு வருடம் ஒரு குறையும் இல்லாமல் உழைத்தது. 2022-இல் மகள் பள்ளி ப்ராஜெக்டுக்காக வீடியோ எடிட் செய்ய ஆரம்பித்தாள். "அப்பா, மறுபடியும் நின்னுடுச்சு" என்ற குரல் வாரம் நாலு தடவையாவது கேட்கும்.

ஹார்ட் டிஸ்க்கின் மேல் பழி போட வழியில்லை. அதை 2019-லேயே, சுழலும் பாகமே இல்லாத எஸ்எஸ்டிக்கு மாற்றியாயிற்று. இதைப் படிக்கிற உங்கள் கணினி இன்னும் சுழலும் டிஸ்க்கில்தான் ஓடுகிறது என்றால் ப்ராசசரைப் பற்றி இப்போதைக்கு யோசிக்க வேண்டாம். முதலில் எஸ்எஸ்டி போடுங்கள், பாதிப் பிரச்சினை அங்கேயே தீர்ந்துவிடலாம். என் விஷயத்தில் குற்றவாளி யாரென்று டாஸ்க் மேனேஜரே காட்டிக்கொடுத்தது. சிபியு வரைபடத்தில் வலது க்ளிக் செய்து, லாஜிக்கல் ப்ராசசர்களைத் தனித்தனியாகக் காட்டச் சொன்னேன். நான்கு கட்டங்கள். மகள் ஒரு மூன்று நிமிட வீடியோவை எக்ஸ்போர்ட் செய்தபோது நான்கும் மேல் விளிம்பு வரை நிரம்பி, கோடு கீழே இறங்கவே இல்லை. 1200-இல் நான்கு கோர் (கணக்குப் போடும் தனித்தனி மூளைகள்), நான்கே த்ரெட் (ஒரே நேரத்தில் ஓட்டக்கூடிய வேலை வரிசைகள்). ஆன்டிவைரஸ், பிரவுசர், வீடியோ கால் எல்லாம் அந்த நான்கு பேரிடமே வரிசையில் நின்றுகொண்டிருந்தன. ரேமும் 90 சதவீதத்தைத் தாண்டியிருந்தது. ஆக இரண்டையும் மாற்ற வேண்டும் என்பது தெளிவாகிவிட்டது.

அப்புறம் எல்லாரும் செய்வதைத்தான் நானும் செய்தேன். இரண்டு வாரம் ராத்திரி ராத்திரி உட்கார்ந்து ஒப்பீட்டு வீடியோக்கள். எது எதைவிட எத்தனை சதவீதம் வேகம் என்று கலர் கலராகப் பட்டைகள். கனவில்கூட பட்டைகள் வர ஆரம்பித்த நேரத்தில் தம்பி போன் செய்தான். எல்லாவற்றையும் ஒப்பித்தேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அதெல்லாம் இருக்கட்டும்ணா. உங்க போர்டு என்ன மாடல்? அதுல பயாஸ் எந்த வெர்ஷன் இருக்கு?" என்றான். பயாஸ் என்பது கணினியை ஆன் செய்ததும் முதலில் ஓடும், போர்டுக்குள்ளேயே இருக்கும் மென்பொருள். இரண்டுமே எனக்குத் தெரியாது.

அந்த ஒரு கேள்வியில் என் பட்டியலில் முக்கால்வாசி அடிபட்டுப் போயிற்று. ப்ராசசரைத் தேர்ந்தெடுக்கிறோம் என்று நாம் நினைக்கிறோம், ஆனால் பழைய கணினியில் அதைத் தேர்ந்தெடுப்பது மதர்போர்டுதான். புதிய தலைமுறை ரைசன் 7600 அப்போதுதான், 2023 ஜனவரியில் வந்திருந்தது. நல்ல சிப். ஆனால் அது உட்காரும் சாக்கெட் (போர்டில் ப்ராசசர் பொருந்தும் இடம்) ஏஎம்5, என்னுடையது ஏஎம்4. ஏஎம்5-இல் டிடிஆர்5 ரேம் மட்டுமே வேலை செய்யும். ஆக போர்டு, ரேம், ப்ராசசர் மூன்றும் புதிது. இன்டெல் பக்கம் 12-ஆம் தலைமுறை ஐ5 12400 கண்ணை இழுத்தது. டிடிஆர்4 போர்டுகளிலும் ஓடும் என்பதால் ரேம் செலவு கட்டுக்குள் இருக்கும், ஆனாலும் போர்டு மாற்றியே ஆக வேண்டும். மூன்றாவது வழி, இருக்கிற ஏஎம்4 போர்டிலேயே அது தாங்கக்கூடிய நல்ல சிப்பைப் போடுவது.

2017-இல் வாங்கிய போர்டில் ஐந்து வருடம் பிந்தி வந்த சிப் ஓடுமா? ஓடாது என்றுதான் ரொம்ப நாளாகச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். 2022-இல் ரைசனைத் தயாரிக்கும் ஏஎம்டி நிறுவனம், என் பி350 அடங்கிய 300 வரிசை சிப்செட்டுகளுக்கும் ரைசன் 5000 ஆதரவைத் திறந்துவிட்டது. ஆனால் அது போதாது. உங்கள் போர்டைத் தயாரித்தவர் அதற்கான பயாஸை வெளியிட்டிருக்க வேண்டும். ஒவ்வொரு போர்டுக்கும் தயாரிப்பாளர் ஒரு பட்டியல் வைத்திருப்பார். எந்த ப்ராசசர், அதற்குக் குறைந்தபட்சம் எந்த பயாஸ் பதிப்பு என்று அதில் இருக்கும். என் போர்டின் பட்டியலில் ரைசன் 5 5600 இருந்தது. அதைப் பார்த்த பிறகுதான் நிம்மதியாகத் தூங்கினேன்.

5600 என்றால் வெறும் 5600-ஆ, 5600எக்ஸ்-ஆ, 5600ஜி-யா? பெயர் வைக்கிறவர்கள் வாங்குகிறவர்களை நினைத்துப் பார்ப்பதே இல்லை. எக்ஸுக்கும் சாதா 5600-க்கும் உச்ச வேகத்தில் 200 மெகாஹெர்ட்ஸ்தான் வித்தியாசம், 4.6-க்கும் 4.4 கிகாஹெர்ட்ஸுக்கும் உள்ள இடைவெளி. அதற்குக் கூடுதல் காசு கொடுப்பதில் எனக்கு நியாயம் தெரியவில்லை. ஜி மாடல்தான் நிறையப் பேரைக் குழப்பும். அதில் கிராஃபிக்ஸ் உள்ளேயே இருக்கிறது, தனி கார்டு இல்லாதவர்களுக்கு வரப்பிரசாதம். ஆனால் எல்3 கேஷ் (ப்ராசசருக்குள்ளேயே இருக்கும் சின்ன, வேகமான நினைவகம்) 16 எம்பி மட்டுமே, சாதா 5600-இல் 32. தனி கார்டு வைத்திருப்பவர் ஜி வாங்கினால் பாதி கேஷைச் சும்மா விட்டுக்கொடுக்கிறார். மறுபக்கம், சாதா 5600-இல் கிராஃபிக்ஸ் கிடையவே கிடையாது. கார்டு இல்லாமல் பூட்டினால் திரையில் ஒன்றும் வராது.

எட்டு கோர் உள்ள 5700எக்ஸ், 5800எக்ஸ் இரண்டையும் யோசித்தேன். இங்கேதான் போர்டு மறுபடி குறுக்கே வந்தது. பெட்டியில் 65 வாட் என்று போட்டிருக்கும் ஏஎம்4 சிப், சாக்கெட்டிலிருந்து 88 வாட் வரை இழுக்கும். 105 வாட் என்று போட்டிருப்பது 142 வரை போகும். என்னுடையது அந்தக் காலத்தில் இருந்ததிலேயே சிக்கனமான போர்டு. ப்ராசசருக்கு மின்சாரம் சீராக்கித் தரும் பகுதியின் மேல் ஒரு ஹீட்சிங்க் கூட இல்லை. அதன் தலையில் 5800எக்ஸை ஏற்ற மனம் வரவில்லை. 5700எக்ஸ் 65 வாட்தான், ஏற்றியிருக்கலாம். அந்தக் காசில் இரண்டு 8 ஜிபி, 3200 வேக ரேம் வரும் என்று கணக்குப் போட்டு ஆறு கோரிலேயே நின்றேன். இன்றுவரை அதில் வருத்தமில்லை.

சரி, பூட்டிய கதை. பயாஸை அப்டேட் செய்ய வேண்டியது பழைய ப்ராசசர் உள்ளே இருக்கும்போதே. புது சிப்பைப் போட்டுவிட்டு அப்டேட் செய்யலாம் என்று உட்கார்ந்தால், பழைய பயாஸுக்கு அந்த சிப் யாரென்றே தெரியாது. என் 64 ஜிபி பென் டிரைவை போர்டு திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அது எக்ஸ்ஃபேட் ஃபார்மட்டில் இருந்தது. இழுப்பறையில் கிடந்த 8 ஜிபி பழசை எடுத்து ஃபேட்32-ஆக மாற்றியதும் ஃபைல் தெரிந்தது. நேராகக் கடைசிப் பதிப்புக்குத் தாவவும் விடவில்லை. நடுவில் ஒரு பதிப்பை ஏற்றிவிட்டுத்தான் அடுத்ததற்குப் போக வேண்டும் என்று குறிப்பில் போட்டிருந்தது. அதைப் படிக்காமல் ஒரு மணி நேரம் வீணடித்தேன். பட்டை நகரும் அந்த மூன்று நிமிடம் மின்சாரம் போகக்கூடாதே என்று யுபிஎஸ்ஸின் மேல் கை வைத்தபடியே நின்றேன், கை வைத்தால் என்ன ஆகப்போகிறது என்பது வேறு விஷயம்.

அதற்குப் பிறகு செய்தது முழுக்க என் முட்டாள்தனம். கணினி ராத்திரி முழுக்க அணைந்து கிடந்தது. காலையில் கூலரின் நான்கு ஸ்க்ரூக்களையும் கழற்றி நேரே மேலே தூக்கினேன். ஐந்து வருடத்துத் தெர்மல் பேஸ்ட் சிமென்ட் மாதிரி இறுகியிருந்தது. 'டக்' என்று ஒரு சத்தம். சாக்கெட்டின் லீவர் பூட்டியபடியே இருக்க, ப்ராசசர் கூலரின் அடியில் ஒட்டிக்கொண்டு கையோடு வந்துவிட்டது. ஏஎம்4-இல் பின்கள் இருப்பது சிப்பின் அடியில், மொத்தம் 1331. வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால் ஒரு ஓரத்தில் மூன்று பின்கள் மட்டும் பக்கத்து வரிசையோடு சேராமல் படுத்திருந்தன. லெட் பென்சிலின் லெட்டை எடுத்துவிட்டு அதன் உலோக மூக்கை ஒவ்வொரு பின்னின் மேலும் செருகி, மூச்சைப் பிடித்துக்கொண்டு நிமிர்த்தினேன். நல்லவேளை, அது பழைய சிப். சாக்கெட்டுக்கும் ஒன்றும் ஆகவில்லை. நீங்கள் செய்யும்போது முதலில் ஒரு பத்து நிமிடம் ஏதாவது கனமான வேலை கொடுத்து கணினியைச் சூடாக்குங்கள். பிறகு அணைத்து, பவர் கேபிளை எடுத்துவிட்டு, கூலரைத் தூக்காமல் இடமும் வலமுமாக மெல்லத் திருகுங்கள். இளகிய பேஸ்ட் தானாகவே விட்டுக்கொடுக்கும்.

புது சிப்பைப் போட்டு முதல் தடவை ஆன் செய்தபோது கறுப்புத் திரை. ஃபேன் சுற்றியது, நின்றது, மறுபடி சுற்றியது. ரேமைப் புதிதாகப் பழக்கப்படுத்திக்கொள்ள அந்த நேரம் எடுக்கும். எனக்கு ஒரு யுகம் போலிருந்தது. பிறகு வெள்ளை எழுத்தில் ஒரு எச்சரிக்கை: புது சிபியு தெரிகிறது, எஃப்டிபிஎம்மை (பாதுகாப்புச் சாவிகளை வைத்திருக்கும் பகுதி) அழித்துப் புதிதாக ஆரம்பிக்கட்டுமா, ஒய்யா (Y) என்னா (N)? என் டிஸ்க் பிட்லாக்கரால் (டிஸ்க்கைச் சங்கேதமாக்கிப் பூட்டும் விண்டோஸ் வசதி) பூட்டப்படவில்லை என்பதால் ஒய்யை அழுத்திவிட்டுப் போய்விட்டேன். பூட்டி வைத்திருப்பவர்கள் ரெகவரி கீயைத் தனியாக எழுதி வைத்துக்கொள்ளாமல் ஸ்க்ரூடிரைவரையே தொடக்கூடாது.

மாற்றம் அன்றைக்கே தெரிந்தது. முன்பு 40 நிமிடத்துக்குக் குறையாமல் எடுத்த எக்ஸ்போர்ட் கால் மணி நேரத்துக்குள் முடிந்தது. மீட்டிங்கில் குரல் கரகரப்பது அடியோடு நின்றது. டாஸ்க் மேனேஜரில் இப்போது பன்னிரண்டு கட்டங்கள். பெரும்பாலான நேரம் பாதிக் கட்டங்கள் காலியாகத்தான் கிடக்கின்றன.

ஆனால் ஐந்து மாதம் கழித்துத்தான் ஒரு விஷயத்தைக் கண்டுபிடித்தேன். வேறு எதையோ தேடி மெமரி பக்கத்தைத் திறந்தால் வேகம் 2400 என்று காட்டியது. நான் வாங்கியது 3200. ரேமை அதன் முழு வேகத்தில் ஓட்டும் எக்ஸ்எம்பி அமைப்பை பயாஸில் போய் நாமேதான் ஆன் செய்ய வேண்டும், தானாக ஆகாது. வாங்கிய ரேமின் வேகத்தில் கால்வாசியை ஐந்து மாதம் தூங்கவிட்டிருக்கிறேன். ஆன் செய்த பிறகு பெரிய புரட்சி ஒன்றும் நடக்கவில்லை, எக்ஸ்போர்ட் நேரம் கொஞ்சம் குறைந்தது, அவ்வளவுதான். ஆனாலும் காசு கொடுத்து வாங்கிய பொருள். இதில் இன்னொரு பொறி, பயாஸை அப்டேட் செய்தால் இந்த அமைப்பு பழையபடி அணைந்துவிடக்கூடும். எனக்கு இரண்டு தடவை ஆயிற்று.

குறை என்று சொன்னால் ஃபேன் சத்தம். இந்த சிப்பின் சூடு ஒரு க்ளிக்குக்கே குபீரென்று ஏறி, உடனே இறங்கும். பெட்டியோடு வந்த சின்ன கூலர் அதைத் துரத்திக்கொண்டு 'ஊய்' என்று கத்தும், அடங்கும், மறுபடி கத்தும். முதல் வருடம் ஃபேன் வேகத்தை 65 டிகிரி வரை ஏறாமல் சமமாக வைத்துச் சமாளித்தேன். எக்ஸ்போர்ட் ஓடும்போது 80 டிகிரியைத் தாண்டுவது மட்டும் நிற்கவில்லை. ஆபத்தில்லை, இதன் எல்லை 90. ஆனாலும் இரண்டாவது வருடம் ஒற்றை ஃபேன் உள்ள டவர் கூலர் ஒன்றை மாட்டினேன். இப்போது அதே வேலைக்கு 65-ஐ ஒட்டி நிற்கிறது, சத்தமும் காதில் விழுவதில்லை. முதலிலேயே செய்திருக்கலாம்.

எதிர்பாராத லாபம் 2025-இல் வந்தது. விண்டோஸ் 10-க்கான ஆதரவு அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்தது. பழைய 1200, விண்டோஸ் 11-இன் அதிகாரபூர்வப் பட்டியலில் இல்லை. ரைசன் 2000 வரிசையிலிருந்துதான் பட்டியல் ஆரம்பிக்கிறது. 5600 போட்டிருந்ததால் டிஸ்க்கின் பிரிவு அமைப்பைப் பழைய எம்பிஆரிலிருந்து புதிய ஜிபிடிக்கு மாற்றி, செக்யூர் பூட்டை (நம்பகமான மென்பொருளை மட்டும் தொடங்கவிடும் வசதி) ஆன் செய்ததோடு வேலை முடிந்தது. இத்தனைக்கும் வாங்கும்போது இதை நான் யோசிக்கவே இல்லை.

மாறாத விஷயமும் உண்டு. கேமில் ஃப்ரேம் எண்ணிக்கை கிட்டத்தட்ட அப்படியேதான் இருக்கிறது. கூட்டமான காட்சிகளில் வரும் திணறல் போயிற்று, ஆனால் சராசரி ஏறவில்லை, ஏனென்றால் முட்டுக்கட்டை 1050 டிஐ. "96 எம்பி கேஷ் உள்ள 5700எக்ஸ்3டி போடலாமேண்ணா" என்று தம்பி ஒரு தடவை ஆசை காட்டினான். இந்தக் கார்டை வைத்துக்கொண்டு அதைப் போடுவது மாட்டு வண்டிக்கு கார் இன்ஜின் வாங்குவது மாதிரி.

அடுத்து மாற்றுவதானால் கார்டுதான். அதிலும் போர்டைக் கேட்டுத்தான் முடிவெடுக்க வேண்டும். 5600-க்கு, கார்டையும் ப்ராசசரையும் இணைக்கும் பாதையான பிசிஐ எக்ஸ்பிரஸின் 4.0 பதிப்பு தெரியும், என் பி350-க்கு 3.0 வரைதான் தெரியும். புதிய சிக்கனமான கார்டுகள் சிலவற்றில் எட்டு லேன் (அந்தப் பாதையின் தடங்கள்), சிலவற்றில் நாலே லேன். 3.0-இல் அவற்றின் பாதை பாதியாகிவிடும். அதனால் இந்த முறை 16 லேன் உள்ளதாகத் தேடிக்கொண்டிருக்கிறேன். பழைய 1200-ஐப் புது சிப் வந்த பிளாஸ்டிக் உறையில் போட்டு, அந்த 8 ஜிபி பென் டிரைவோடு இழுப்பறையில் வைத்திருக்கிறேன். ஒரு பின் இன்னமும் லேசாகச் சாய்ந்துதான் இருக்கிறது.